கொலைகாரனுக்கும் வக்கீலா? ‘தி பிராக்டிஸ்’ பார்ப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

எங்கள் வீட்டில் அமெரிக்கச் சட்டத் தொடர்கள் பார்க்கும் பழக்கத்தைத் தொற்றவைத்தவன் நான்தான். அதற்குத் தண்டனையாக எபிசோடு ஓடும்போதே ஆளாளுக்குச் சந்தேகம் கேட்பார்கள். நானும் நிறுத்தி நிறுத்திப் பதில் சொல்வேன். நண்பர்கள் வேறு நள்ளிரவில் கூப்பிட்டுக் கேட்பார்கள். கொஞ்ச நாளில், ஒரே கேள்விகள்தான் சுற்றிச் சுற்றி வருகின்றன என்று தெரிந்தது. கேட்டவர்கள் கேட்ட மாதிரியே இங்கே தொகுத்திருக்கிறேன். நான் வக்கீல் இல்லை. ‘இப்படியெல்லாம் நிஜத்தில் நடக்குமா?’ என்று தீர்ப்புகளைத் தேடிப் படிக்க ஆரம்பித்தவன், அவ்வளவுதான்.

இது என்ன தொடர்? எதைப் பத்தி?

1997 மார்ச் முதல் 2004 மே வரை ஏபிசி தொலைக்காட்சியில் ஓடியது. 8 சீசன், 168 எபிசோடு. உருவாக்கியவர் டேவிட் இ. கெல்லி, எழுத வருவதற்கு முன் பாஸ்டனில் வக்கீலாக இருந்தவர். கதையும் பாஸ்டனில்தான் நடக்கிறது. பாபி டானல் நடத்தும் சின்ன ஆபீஸ், அவரோடு யூஜின், எலனார், லிண்ட்சி, ரெபெக்கா, ஜிம்மி. வாடகைக்கே இழுபறி. வருகிற கேஸ்களோ போதைப்பொருள், கொலை, வேறு யாரும் தொடத் தயங்குகிறவை. 1998, 1999 இரண்டு வருடமும் சிறந்த நாடகத் தொடருக்கான எம்மி விருதை வாங்கியது.

1957இல் தொடங்கிய ‘பெரி மேசன்’ காலத்திலிருந்து டிவியில் வரும் டிபென்ஸ் வக்கீலுக்கு (குற்றம் சாட்டப்பட்டவருக்காக வாதாடுபவர்) கட்சிக்காரர் அநேகமாக நிரபராதியாகத்தான் இருப்பார். கடைசிக் காட்சியில் உண்மையான கொலையாளி சாட்சிக் கூண்டிலேயே உடைந்து ஒப்புக்கொள்வார். ‘தி பிராக்டிஸ்’ அதைத் திருப்பிப் போட்டது. இங்கே கட்சிக்காரர் அநேகமாகத் தப்பு செய்தவர்தான். சில சமயம் வக்கீலுக்கும் அது தெரியும். கீழே உள்ள கேள்விகளில் பாதிக்கு மேல் அங்கிருந்துதான் முளைக்கின்றன.

கோர்ட்டுல “காமன்வெல்த் வெர்சஸ்”னு கூப்பிடுறாங்களே, இங்கிலாந்து சமாசாரமா?

இல்லை. மாசசூசெட்ஸ் தன்னை ‘காமன்வெல்த்’ என்று அழைத்துக்கொள்ளும் மாநிலம். பென்சில்வேனியா, வர்ஜீனியா, கென்டக்கி மூன்றும் அப்படித்தான். ‘அரசு எதிர் இன்னார்’ என்பதை அங்கே இப்படிச் சொல்கிறார்கள். ஹெலன் கேம்பிள் மாதிரி அரசுத் தரப்பில் வாதாடுகிறவர்கள் மாவட்ட அட்டர்னியின் உதவியாளர்கள். அந்த மாவட்ட அட்டர்னி மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் பதவியில் இருப்பவர். அதனால்தான் பேப்பரில் வந்த கேஸ் என்றால் அங்கே ஒரு படபடப்பு தெரியும்.

கொலை பண்ணினவன்னு தெரிஞ்சும் எப்படிங்க மனசாட்சியோட வாதாடுறாங்க?

முதலில் கேட்கப்படுவதும் கடைசி வரை விடாததும் இந்தக் கேள்விதான். சட்டத்தின் பதில் எளிது. குற்றத்தை நிரூபிக்கும் சுமை முழுக்க அரசின் மேல் இருக்கிறது, அதுவும் நியாயமான சந்தேகத்துக்கு இடமில்லாமல். கட்சிக்காரர் நல்லவர் என்று காட்டுவது டிபென்ஸ் வக்கீலின் வேலையே கிடையாது. ஒரு மனிதனை ஆயுள் முழுக்க உள்ளே வைக்க அரசு கொண்டுவந்திருக்கும் ஆதாரம் போதுமா என்று தட்டிப் பார்ப்பதுதான் வேலை. ஒருவரும் தட்டிப் பார்க்காவிட்டால் நிரபராதியின் கேஸிலும் அதே ஓட்டை ஆதாரம் போதுமானதாகிவிடும்.

இதற்கு பாஸ்டனிலேயே பழைய கதை ஒன்று உண்டு. 1770 மார்ச் 5 அன்று பிரிட்டிஷ் சிப்பாய்கள் கூட்டத்தைப் பார்த்துச் சுட்டதில் 5 பேர் செத்தார்கள். ஊரே கொதித்தது. அந்தச் சிப்பாய்களுக்காக வாதாட முன்வந்தவர்களில் ஜான் ஆடம்ஸ் ஒருவர்; பின்னாளில் அமெரிக்காவின் 2ஆவது ஜனாதிபதி ஆனவர். கேப்டன் விடுதலையானார். 8 சிப்பாய்களில் 6 பேரும் விடுதலை. மீதி 2 பேருக்குக் கொலையாகாத மரணம் விளைவித்த குற்றம், கட்டைவிரலில் சூடு.

ஆனால் தொடரின் வக்கீல்கள் இந்தப் பதிலைச் சொல்லிவிட்டு நிம்மதியாகத் தூங்குவதில்லை. எலனார் வாதாடி ஜெயித்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கும் முகத்தைப் பாருங்கள். சட்டப் பதில் வேறு, அந்த முகம் வேறு. தொடர் இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட முயலவில்லை என்பதால்தான் எனக்குப் பிடிக்கும்.

“குற்றவாளி இல்லை”ன்னு ஜூரி சொன்னா, அவன் நிரபராதின்னுதானே அர்த்தம்?

கிடையாது. அரசு போதிய அளவுக்கு நிரூபிக்கவில்லை என்றுதான் அர்த்தம். ஜூரி என்பது தீர்ப்பு சொல்ல உட்காரும் 12 சாதாரண மக்கள். அந்த அறைக்குள் 12 பேருமே ‘இவன்தான் செய்திருப்பான், ஆனால் ஆதாரம் பத்தாது’ என்று நினைத்தாலும் அந்தத் தீர்ப்புத்தான் சரி.

காசில்லாதவனுக்கும் எப்படி வக்கீல் கிடைக்கிறாங்க? அது அங்க இலவசமா?

ஆமாம், சிறைக்குப் போகக்கூடிய கேஸ் என்றால் வசதியில்லாதவருக்கு அரசே வக்கீல் தர வேண்டும். இதை வாங்கித் தந்தவர் சட்டம் படிக்காத ஒரு கைதி. 1961இல் ஃபுளோரிடாவின் பனாமா சிட்டியில் ஒரு பில்லியர்ட்ஸ் கூடத்துக்குள் புகுந்து சில்லறை திருடியதாக கிளாரன்ஸ் ஏர்ல் கிடியன் என்பவரைப் பிடித்தார்கள். வக்கீல் வேண்டும் என்று கேட்டார். மரண தண்டனைக் கேஸுக்கு மட்டும்தான் தருவோம் என்றார் நீதிபதி. தனக்குத்தானே வாதாடித் தோற்றார், 5 வருடம். சிறையில் கொடுத்த தாளில் பென்சிலால் உச்ச நீதிமன்றத்துக்கு மனு எழுதினார்.

1963 மார்ச்சில் 9 நீதிபதிகளும் ஒருமனதாக அவர் பக்கம் நின்றார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் மறுவிசாரணை. இந்த முறை வக்கீல் இருந்தார். முக்கிய சாட்சியைக் குறுக்கு விசாரணையில் பிரித்து மேய்ந்தார். ஜூரி ஒரு மணி நேரத்தில் விடுதலை சொல்லிவிட்டது. ஆள் அதே ஆள், குற்றச்சாட்டும் அதே குற்றச்சாட்டு.

சும்மா சும்மா “அப்ஜெக்‌ஷன்”னு எழுந்திருக்கிறாங்களே, எதுக்கு?

பெரும்பாலும் நாலைந்து காரணம்தான். பிறர் சொல்லக் கேட்டதைச் சாட்சி சொல்கிறார், தெரியாததை ஊகிக்கிறார், கேட்டதையே திரும்பக் கேட்கிறார்கள், கேள்விக்குப் பதிலாக வாதம் செய்கிறார்கள். அப்புறம், பதிலை வாயில் ஊட்டும் கேள்வி. “அன்றிரவு நீங்கள் அவரைப் பார்த்தீர்கள், இல்லையா?” என்று தன் சொந்த சாட்சியிடம் கேட்கக் கூடாது. எதிர்த்தரப்பு சாட்சியிடம் தாராளமாகக் கேட்கலாம். நல்ல குறுக்கு விசாரணை முழுக்க அப்படிப்பட்ட கேள்விகளால்தான் ஆனது.

ஒரு கற்பனை உதாரணம். மூன்றாவது மாடி ஜன்னலிலிருந்து கொலையைப் பார்த்ததாக ஒருவர் சொல்கிறார். வக்கீல் கேட்கிறார்: “மணி இரவு 2, சரியா?” ஆமாம். “தூக்கத்திலிருந்து எழுந்தீர்கள்?” ஆமாம். “மூக்குக்கண்ணாடி மேசை மேல் இருந்தது?” ஆமாம். “ஜன்னலுக்கு நேராகப் போனீர்கள்?” ஆமாம். அங்கேயே உட்கார்ந்துவிட வேண்டும். கற்றுக்குட்டி மட்டும் “அப்படியென்றால் எப்படி முகம் தெரிந்தது?” என்று கேட்பார். சாட்சி, “போகிற வழியில் கண்ணாடியைப் போட்டுக்கொண்டேன்” என்று சொல்லிவிடுவார். கேட்காமல் விட்ட அந்தக் கடைசிக் கேள்வியை ஜூரியே மனசுக்குள் கேட்டுக்கொள்ளும்.

12 பேரும் ஒரே மாதிரி சொல்லணுமா? ஒருத்தர் மட்டும் ஒத்துக்கலைன்னா?

கொலை போன்ற கடும் குற்றங்களில் எல்லாரும் ஒருமனதாகச் சொல்ல வேண்டும். லூசியானா, ஓரிகன் இரண்டு மாநிலங்கள் மட்டும் 10க்கு 2 என்றாலும் தண்டிக்க விட்டிருந்தன. 2020இல் உச்ச நீதிமன்றம் அதை முடித்துவைத்தது. ஒருவர் பிடிவாதமாக நின்றால் ஜூரி முடிவுக்கு வர முடியாமல் தொங்கிப்போகும், விசாரணை செல்லாது. அது விடுதலை ஆகாது. அரசு விரும்பினால் புது ஜூரியை வைத்து மறுபடி நடத்தலாம்.

ஜூரியை வக்கீலுங்களே பொறுக்கி எடுக்கிறாங்களா?

பொறுக்கி எடுப்பதைவிடக் கழித்துக்கட்டுவது என்று சொல்லலாம். காரணம் சொல்லி எத்தனை பேரை வேண்டுமானாலும் கழிக்கச் சொல்லலாம், நீதிபதி ஒத்துக்கொண்டால். காரணமே சொல்லாமல் குறிப்பிட்ட எண்ணிக்கையில் கழிக்கலாம். ஆனால் இனத்தைப் பார்த்துக் கழிக்கக் கூடாது என்று 1986இலும், ஆணா பெண்ணா என்று பார்த்துக் கழிக்கக் கூடாது என்று 1994இலும் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. தொடர் ஓடிய காலத்தில் மாசசூசெட்ஸில் ஜூரர்களைக் கேள்வி கேட்பது பெரும்பாலும் நீதிபதிதான். வக்கீல்கள் நேரடியாகக் கேட்கும் உரிமை சட்டப்படி 2015இல்தான் நடைமுறைக்கு வந்தது.

கடைசி நேரத்துல கதவைத் திறந்துக்கிட்டு ஒரு சாட்சி வர்றாரே, அது நடக்குமா?

திரைக்கதை எழுத்தாளருக்கு மட்டும் நடக்கும். விசாரணைக்கு முன்பே இரு தரப்பும் சாட்சிப் பட்டியலைப் பரிமாறிக்கொள்ள வேண்டும். ‘அந்த நேரத்தில் நான் வேறு ஊரில் இருந்தேன்’ என்று சொல்லப்போகிறவர் அதை முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும் என்று மாநிலம் கட்டாயப்படுத்தலாம் என 1970லேயே தீர்ப்பு வந்துவிட்டது. அரசுக்கோ இன்னும் கனமான கடமை: குற்றம் சாட்டப்பட்டவருக்குச் சாதகமான முக்கிய ஆதாரம் கையில் இருந்தால் மறைக்கக் கூடாது. 1963இல் வந்த பிரேடி தீர்ப்பு அது. தொடரில் ‘பிரேடி’ என்று யாராவது கத்தினால் இதைத்தான் சொல்கிறார்கள்.

அடிக்கடி “பிளான் பி”ங்கிறாங்களே, அது என்ன?

இந்தத் தொடரின் கையெழுத்து என்றே சொல்லலாம். முதல் திட்டம், அரசின் ஆதாரத்தில் ஓட்டை காட்டுவது. அது எடுபடாது என்று தோன்றினால் பிளான் பி: வேறொருவரை ஜூரி முன் நிறுத்தி, ‘ஏன் இவர் செய்திருக்கக் கூடாது?’ என்று கேட்பது. அந்த வேறொருவர் செத்தவரின் அண்ணனாக, கணவராக, சாட்சி சொல்ல வந்த அப்பாவியாகக்கூட இருக்கலாம். ஆபீஸில் அந்த வார்த்தையை யாராவது சொன்னதும் அறை ஒரு கணம் அமைதியாகும் பாருங்கள், அதுதான் தொடரின் மையம் என்று எனக்குத் தோன்றும்.

நிஜத்திலும் உண்டு. ‘குற்றம் செய்தது இன்னொருவர்’ என்று ஆதாரம் காட்டுவது குற்றம் சாட்டப்பட்டவரின் உரிமை. அரசின் தடயவியல் ஆதாரம் வலுவாக இருக்கிறது என்பதற்காக அந்த வாய்ப்பையே மறுத்தது தென் கரோலினா. 2006இல் உச்ச நீதிமன்றம் அதை ஒருமனதாகத் தள்ளுபடி செய்தது. ஆனால் டிவியில் வருவது போல வாய்க்கு வந்த பெயரைச் சொல்லிவிட முடியாது. கேள்வி கேட்பதற்கு ஏதாவது உண்மையான அடிப்படை வேண்டும். அந்த மூன்றாவது ஆளைக் குற்றத்தோடு இணைக்கும் விஷயம் இல்லாவிட்டால் நீதிபதி உள்ளேயே விடமாட்டார்.

மாசசூசெட்ஸ் வக்கீல்களுக்கு இதைவிட நாகரிகமான ஒரு வழியும் இருக்கிறது. 1980இல் வந்த பௌடன் என்ற கேஸின் பெயரால் அதைச் சொல்வார்கள். யாரையும் கைகாட்டத் தேவையில்லை. ‘ரேகை எடுக்கவில்லை, ரத்தத்தைப் பரிசோதிக்கவில்லை, பக்கத்து வீட்டைக் கேட்கவில்லை’ என்று போலீஸ் செய்யாமல் விட்டதை அடுக்கி, அதிலிருந்தே சந்தேகத்தைக் கிளப்புவது. கைகாட்டப்பட்ட ஒருவர் அழுதுகொண்டே வெளியே போவதில்லை என்பதால் டிவிக்கு அது அவ்வளவாக உதவாது.

அப்பாவின்னா கூண்டுல ஏறி சொல்ல வேண்டியதுதானே? வக்கீலே ஏன் தடுக்கிறார்?

வாய்திறக்காமல் இருப்பது அரசியலமைப்பின் 5ஆவது திருத்தம் தந்த உரிமை. ‘இவர் ஏன் பேசவில்லை?’ என்று அரசு வக்கீல் ஜூரியிடம் சுட்டிக்காட்டவும் கூடாது, 1965இலிருந்து தடை. கூண்டில் ஏறினால் குறுக்கு விசாரணைக்கு உட்பட வேண்டும், பழைய தண்டனைகள் ஜூரிக்குத் தெரியவரலாம். மேலே சொன்ன கண்ணாடிக் கேள்விகளை நினைத்துப் பாருங்கள். நிரபராதியே ஆனாலும் பதற்றத்தில் தேதியை மாற்றிச் சொன்னால் பொய்யன் மாதிரித் தெரிவார்.

ஆனால் ஏறுவதா வேண்டாமா என்று முடிவு செய்வது வக்கீல் இல்லை, கட்சிக்காரர். வக்கீல் காலில் விழாத குறையாகச் சொல்லலாம், தடுக்க முடியாது.

கூண்டுல பொய் சொல்லப் போறான்னு வக்கீலுக்கே தெரிஞ்சா என்ன பண்றது?

பொய் என்று தெரிந்தே ஒரு சாட்சியத்தை வக்கீல் முன்வைக்கக் கூடாது. அயோவாவில் ஒயிட்சைடு என்பவர் கத்தியால் குத்திய கேஸில், முதலில் ‘செத்தவரிடம் துப்பாக்கியைப் பார்க்கவில்லை’ என்றவர், விசாரணை நெருங்கியதும் ‘ஏதோ பளபளவென்று உலோகம் மாதிரி பார்த்தேன்’ என்று சொல்லப்போவதாகச் சொன்னார். அப்படிச் சொன்னால் நீதிபதியிடம் சொல்லிவிடுவேன் என்றார் வக்கீல். அவர் செய்தது சரிதான் என்று 1986இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. பொய் சொல்ல உதவி கேட்கும் உரிமை யாருக்கும் கிடையாதாம்.

மாசசூசெட்ஸ் வழி கொஞ்சம் விசித்திரமானது; 2003இல் அந்த மாநில உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. உறுதியான அடிப்படையில் பொய் என்று தெரிந்தால், வக்கீல் கட்சிக்காரரைக் கூண்டில் ஏற்றி, கேள்வி எதுவும் கேட்காமல் ‘நடந்ததை நீங்களே ஜூரியிடம் சொல்லுங்கள்’ என்று விட்டுவிடலாம். இறுதி வாதத்தில் அந்தப் பொய்யைத் தொடக் கூடாது. ‘தெரியும்’ என்பதற்கு அளவுகோல் கடுமையானது. சந்தேகம் மட்டும் இருந்தால் போதாது. கட்சிக்காரரிடம் ‘செய்தாயா?’ என்று நேரடியாகக் கேட்பதைத் தொடரின் வக்கீல்கள் தவிர்ப்பதன் காரணம் இப்போது புரிந்திருக்கும்.

பிணம் எங்க இருக்குன்னு கட்சிக்காரன் சொல்லிட்டான். அதைக்கூடவா வெளிய சொல்லக் கூடாது?

கூடாது. நடந்துமுடிந்த குற்றத்தைப் பற்றி அவர் சொன்னது ரகசியம். 1973இல் நியூயார்க் மாநிலத்தில் ஃபிராங்க் ஆர்மனி, ஃபிரான்சிஸ் பெல்ஜ் என்ற 2 வக்கீல்களுக்கு இது நடந்தது. கொலைக் கேஸில் பிடிபட்ட ராபர்ட் கேரோ, வேறு 2 பெண்களைக் கொன்றதையும் உடல்கள் இருக்கும் இடத்தையும் சொன்னான். வக்கீல்கள் தேடிப்போய்ப் பார்த்தார்கள், படம் எடுத்தார்கள், திரும்பி வந்து வாய்மூடி இருந்தார்கள். காணாமல் போன பெண் ஒருவரின் தந்தை நேரிலேயே வந்து, ஏதாவது தெரியுமா என்று கேட்டார். அப்போதும் சொல்லவில்லை. 1974இல் கேரோவே கூண்டில் ஏறி ஒப்புக்கொண்ட பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. ஊர் அவர்களைக் கரித்துக்கொட்டியது. இறந்தவருக்கு முறையான அடக்கம் கிடைக்கத் தகவல் தரவில்லை என்று பெல்ஜ் மேல் வழக்கே போட்டார்கள். நீதிமன்றம் தள்ளுபடி செய்தது.

இதைவிட என்னை உலுக்கியது சிகாகோ கதை. 1982இல் ஒரு காவலாளியைக் கொன்றதாக ஆல்டன் லோகன் என்பவருக்கு ஆயுள் தண்டனை. கொன்றது தங்கள் கட்சிக்காரன் ஆண்ட்ரூ வில்சன் என்று அவனுடைய வக்கீல்கள் டேல் கவென்ட்ரி, ஜேமி குன்ஸ் இருவருக்கும் தெரியும், அவனே ஒப்புக்கொண்டிருந்தான். அவர்கள் அதை எழுதிக் கையெழுத்திட்டு, உறையில் ஒட்டி, ஒரு இரும்புப் பெட்டியில் பூட்டினார்கள். அந்தப் பெட்டி கவென்ட்ரியின் கட்டிலுக்கு அடியில் கிடந்தது. தான் செத்த பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று வில்சன் அனுமதித்திருந்தான். அவன் 2007இல் செத்தான். லோகன் 2008இல் வெளியே வந்தார், 26 வருடம் கழித்து.

இனி நடக்கப்போகும் மரணத்தையோ பலத்த காயத்தையோ தடுக்க வேண்டுமானால் வக்கீல் சொல்லலாம் என்று பல மாநிலங்களில் விதிவிலக்கு இருக்கிறது. மாசசூசெட்ஸ் ஒரு படி மேலே போய், தப்பு செய்யாத ஒருவர் சிறையில் இருப்பதைத் தடுக்கவும் சொல்லலாம் என்கிறது. ‘சொல்லலாம்’ என்றுதான் இருக்கிறது, ‘சொல்ல வேண்டும்’ என்றில்லை. பாபியின் ஆபீஸில் லோகன் கேஸ் நடந்திருந்தால் அந்தப் பெட்டிக்கு வேலை இருந்திருக்காதோ என்னவோ.

அப்போ ரத்தக்கறை படிஞ்ச கத்தியைக் கொண்டுவந்து மேசை மேல வச்சா, அதுவும் ரகசியமா?

பேச்சு ரகசியம், பொருள் ரகசியம் இல்லை. வாஷிங்டன் மாநிலத்தில் 1964இல் இதே மாதிரி ஒரு கத்திக்காகத் தீர்ப்பு வந்தது. வக்கீல் நியாயமான காலத்துக்கு வைத்திருந்து பரிசோதிக்கலாம், அப்புறம் தானாகவே அரசிடம் ஒப்படைக்க வேண்டும். பதிலுக்கு, அது வக்கீலிடமிருந்து வந்தது என்று அரசு ஜூரியிடம் மூச்சுவிடக் கூடாது. அனுபவமுள்ள வக்கீல் பையைத் திறக்கும் முன்பே “அதை இங்கே வைக்காதே” என்று கத்துவது இதனால்தான்.

குற்றத்தை ஒத்துக்கிட்டு பேரம் பேசுறாங்களே, அது சந்தைக்கடை மாதிரி இல்ல?

அப்படியும் சொல்லலாம், ஆனால் அந்தச் சந்தைதான் நிஜம். ஜூரி விசாரணை விதிவிலக்கு. 2012இல் உச்ச நீதிமன்றமே எடுத்துச் சொன்ன கணக்குப்படி, மத்திய நீதிமன்றங்களில் தண்டனைகளில் 97 சதவீதமும் மாநிலங்களில் 94 சதவீதமும் குற்றத்தை ஒப்புக்கொண்டதால் வந்தவை. நிஜ டிபென்ஸ் வக்கீலின் நாள் வராந்தாவில் நின்று ‘8 வருடமா, 5 வருடமா’ என்று பேசுவதில் கழிகிறது.

கஷ்டம் எங்கே என்றால், ‘நான் செய்யவில்லை’ என்று சொல்பவரிடம், ‘ஒப்புக்கொண்டால் 5 வருடம், தோற்றால் ஆயுள்’ என்று வக்கீல் எடுத்துச் சொல்ல வேண்டும். பரோல் இல்லாத ஆயுள் தண்டனைதான் மாசசூசெட்ஸில் 21 வயது நிரம்பியவருக்கு முதல்தரக் கொலைக்கு. தொடரில் இந்தப் பேச்சு வரும் காட்சிகள் ஓரிரு நிமிடம்தான். எனக்கோ வாதாடும் காட்சிகளைவிட அவைதான் பிடிக்கும்.

எல்லாத்தையும் கட்சிக்காரன்தான் முடிவு பண்ணுவான்னா வக்கீல் எதுக்கு?

பங்கீடு இருக்கிறது. ஒப்புக்கொள்வதா, ஜூரி வேண்டுமா, கூண்டில் ஏறுவதா, மேல்முறையீடு செய்வதா, இந்த நாலும் கட்சிக்காரர் கையில். எந்த சாட்சியை அழைப்பது, என்ன கேட்பது எல்லாம் வக்கீல் கையில். இந்த எல்லைக்கோட்டில் ஒரு சிக்கலான கேஸ் வந்தது. லூசியானாவில் 3 கொலைக் குற்றச்சாட்டு. ஆதாரம் மலை மாதிரி. மக்காய் என்ற அந்த ஆள் ‘நான் செய்யவே இல்லை’ என்று சாதித்தார். மரண தண்டனையிலிருந்தாவது காப்பாற்றலாம் என்று அவருடைய வக்கீலே எழுந்து ‘ஆமாம், இவர்தான் கொன்றார்’ என்று ஜூரியிடம் சொல்லிவிட்டார். மக்காய் கோர்ட்டிலேயே எதிர்த்துக் குரல் கொடுத்தார். மரண தண்டனையும் வந்தது.

2018இல் உச்ச நீதிமன்றம் 6க்கு 3 என்று மக்காய் பக்கம் தீர்ப்பளித்து மறுவிசாரணைக்கு உத்தரவிட்டது. வக்கீலின் கணக்கு புத்திசாலித்தனமாகவே இருக்கலாம். ஆனால் ‘நான் செய்யவில்லை’ என்று சொல்வது அவருடைய சொந்த உரிமை.

வக்கீல் சொதப்பிட்டா, இன்னொரு சான்ஸ் உண்டா?

உண்டு, ஆனால் வாசல் குறுகல். 1984இல் வந்த ஸ்ட்ரிக்லண்ட் தீர்ப்புப்படி 2 விஷயம் காட்ட வேண்டும்: வக்கீலின் வேலை தரமற்றது, அவர் ஒழுங்காகச் செய்திருந்தால் முடிவு மாறியிருக்க நியாயமான வாய்ப்பு உண்டு. இரண்டாவதில்தான் பெரும்பாலானவர்கள் விழுகிறார்கள். டெக்சாஸில் ஒரு மரண தண்டனைக் கேஸில் வக்கீல் விசாரணையின்போது திரும்பத் திரும்பத் தூங்கிவிட்டார். அதற்கு மறுவிசாரணை கிடைக்க 2001 வரை ஆனது. தூங்கினால்கூட விவாதம் தேவைப்பட்டது என்பதைக் கவனியுங்கள்.

கேஸ் ஜெயிச்சாத்தான் பீஸ்னு ஒப்பந்தம் போடலாமா?

விபத்து இழப்பீடு மாதிரிக் கேஸில் போடலாம். கிரிமினல் கேஸில் தடை.

பைத்தியம்னு சொல்லித் தப்பிச்சுடறாங்களே?

டிவியில்தான் அடிக்கடி. நிஜத்தில் ஜூரிகள் அதை லேசில் ஏற்பதில்லை. ஏற்றுக்கொண்டாலும் வீட்டுக்குப் போக முடியாது. ஜனாதிபதி ரீகனை 1981இல் சுட்ட ஜான் ஹிங்க்லியை 1982இல் மனநிலை காரணமாகக் குற்றவாளி இல்லை என்றார்கள். மருத்துவமனையிலிருந்து தாயாரோடு வசிக்க முழுநேரமாக அனுப்பியது 2016இல். கட்டுப்பாடுகள் எல்லாம் நீங்கியது 2022இல். அந்தத் தீர்ப்பால் எழுந்த கோபத்தில் 1984இல் மத்திய சட்டத்தை இறுக்கி, நிரூபிக்கும் சுமையைக் குற்றம் சாட்டப்பட்டவர் மேல் போட்டார்கள். மாசசூசெட்ஸிலோ தலைகீழ்: கேள்வி எழுந்துவிட்டால், ஆள் தெளிவான புத்தியோடுதான் செய்தார் என்று அரசுதான் நிரூபிக்க வேண்டும்.

விடுதலை ஆனப்புறம் “நான்தான் செஞ்சேன்”னு சொன்னா? திரும்ப உள்ள போடலாமா?

அதே குற்றத்துக்கு அதே மாநிலம் மறுபடி வழக்குப் போட முடியாது. இதுவும் 5ஆவது திருத்தம்தான். ஆனால் 2 பின்வாசல் உண்டு. மாநிலமும் மத்திய அரசும் தனித்தனி அதிகாரங்கள் என்பதால் மத்திய சட்டத்தில் வேறு வழக்கு வரலாம். ராட்னி கிங் என்ற கறுப்பின வாகன ஓட்டியை அடித்த போலீஸ்காரர்களை 1992இல் மாநில ஜூரி தண்டிக்கவில்லை. 1993இல் மத்திய நீதிமன்றம் அவர்களில் 2 பேரைத் தண்டித்தது. இந்த விதி சரிதான் என்று 2019இல் உச்ச நீதிமன்றம் மறுபடி உறுதி செய்தது.

இன்னொன்று சிவில் வழக்கு. அமெரிக்கக் கால்பந்து நட்சத்திரமாக இருந்த ஓ.ஜே. சிம்ப்சன் 1995இல் கொலைக் கேஸில் விடுதலையானார். 1997இல் சிவில் ஜூரி அவரைப் பொறுப்பாளி என்று சொல்ல, மொத்தம் 3.35 கோடி டாலர் கட்டச் சொன்னார்கள். அங்கே ‘நியாயமான சந்தேகம்’ என்ற உயர்ந்த அளவுகோல் கிடையாது, தராசு ஒரு பக்கம் சாய்ந்தாலே போதும். ‘குற்றவாளி இல்லை’ பற்றி மேலே சொன்னதோடு சேர்த்துப் படித்தால் இது முரண்பாடாகத் தெரியாது.

பாபி பேசுற அந்த கடைசிப் பேச்சு மாதிரி நிஜத்துல யாராவது பேசுவாங்களா?

பேசுவார்கள், ஆனால் நாலு நிமிடத்தில் முடியாது, பின்னணி இசையும் இருக்காது. முக்கால்வாசி, ‘சாட்சி எண் 3 சொன்னதையும் சாட்சி எண் 5 சொன்னதையும் ஒப்பிடுங்கள்’ ரகம்தான். அப்புறம், பலரும் கவனிக்காத ஒன்று. நிறைய மாநிலங்களில் அரசு வக்கீல் முதலில் பேசி, டிபென்ஸ் பேசிய பின் மறுபடி பதில் சொல்வார். மாசசூசெட்ஸில் டிபென்ஸ் முதலில் பேசிவிட்டு உட்கார வேண்டும். கடைசி வார்த்தை அரசுக்கு. எதிராளி என்ன சொல்லப்போகிறார் என்று தெரியாமலே அதற்கும் பதில் சொல்லி முடிக்க வேண்டும்.

சரி, எங்கிருந்து பார்க்க ஆரம்பிக்கலாம்?

முதல் சீசன் வெறும் 6 எபிசோடுதான், ஒரு வார இறுதியில் முடித்துவிடலாம். அங்கேயே தொடங்குங்கள். 8ஆவது சீசனில் பாபி உட்படப் பல முகங்கள் இருக்காது. ஜேம்ஸ் ஸ்பேடர் ஆலன் ஷோராக வந்து தொடரின் நிறத்தையே மாற்றிவிடுவார், அதுவே ‘பாஸ்டன் லீகல்’ ஆகக் கிளைவிட்டது. அதை முதலில் பார்த்துவிட்டு வந்து ‘பிளான் பி எங்கே?’ என்று கேட்காதீர்கள். ஏற்கனவே இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள்.